தீப்பொறி எங்கே போனது?

காரைக்கால் கடற்கரை. ஆவணி மாதம். அரசலாறு கடலில் சேரும் இடத்திலிருந்து படகுகள் விடியும் முன்பே கிளம்பிவிட்டன. கலியபெருமாளின் பைபர் படகும் அதில் ஒன்று. படகில் அவரும் அவர் தங்கை மகன் செல்வமும் இருந்தார்கள்.

அன்று நல்ல பாடு. கானாங்கெளுத்தி நிறைய விழுந்தது. காலை 9 மணிக்கு வலையை ஏற்றி முடித்தார்கள். கரை சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை, எஞ்சினைப் போடு. சீக்கிரம் போனால் நல்ல விலை கிடைக்கும்" என்றார் கலியபெருமாள்.

செல்வம் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. பத்து நிமிடம் ஓடியது. பிறகு விளக்கை அணைத்ததுபோல் 'டக்' என்று நின்றது.

மறுபடி சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து முறை முயன்றான். பயனில்லை.

கரையிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. படகு மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது. கரை சிறிது சிறிதாக விலகியது.

"முதலில் நங்கூரத்தைப் போடு. எஞ்சினைப் பிறகு பார்ப்போம்" என்றார் கலியபெருமாள்.

அது சரியான முடிவு. நங்கூரம் பிடித்தது. படகு இழுபடுவது நின்றது. 3 மணி நேரம் கழித்து ஊர்ப் படகு ஒன்று வந்தது. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. ஐஸ் கரைந்துவிட்டது. மீன் பாதி விலைக்குத்தான் போனது.

புதுப் பேட்டரி வாங்கியும் தீரவில்லை

இது முதல் தடவை இல்லை. முந்தைய மாதமும் எஞ்சின் இப்படியே நின்றது. அப்போது ஒருவர், "பேட்டரி செத்துப்போச்சு" என்றார். கலியபெருமாள் கடன் வாங்கிப் புதுப் பேட்டரி வாங்கினார். எஞ்சின் 20 நாள் நன்றாக ஓடியது. இப்போது மறுபடி நின்றுவிட்டது.

இந்த முறை இன்னொருவர், "எஞ்சினில் இருக்கிற கறுப்புப் பெட்டி போயிருக்கும். அதை மாற்றணும்" என்றார். அந்தப் பெட்டியின் விலை பல ஆயிரம் ரூபாய்.

வீட்டில் அஞ்சலை கணக்கு நோட்டைத் திறந்தார். பேட்டரிக் கடனே இன்னும் அடையவில்லை.

"எது கெட்டது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். ரஹ்மான் பாயை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கலாம்" என்றார் அஞ்சலை.

பாய் கேட்ட கேள்விகள்

மறுநாள் ரஹ்மான் பாய் வந்தார். 25 வருடமாக எஞ்சின் வேலை பார்ப்பவர். அவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"எஞ்சின் எப்படி நின்றது, அண்ணே? இருமி இருமி நின்றதா? இல்லை, ஒரேயடியாக நின்றதா?"

"ஒரேயடியாக, பாய். 'டக்' என்று."

"இருமி, வேகம் குறைந்து நின்றால் பெரும்பாலும் எண்ணெய்க் கோளாறு. எண்ணெய் வரவில்லை, அல்லது எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. விளக்கு அணைவதுபோல் நின்றால் பெரும்பாலும் கரண்டுக் கோளாறு. சரி, ஸ்டார்ட்டர் சுற்றியதா?"

"நன்றாகச் சுற்றியது" என்றான் செல்வம்.

"பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா?"

"பார்த்தேன். பெட்ரோலில் நனைந்திருந்தது."

"அப்படியானால் எண்ணெய் உள்ளே வருகிறது. தீப்பொறிதான் வரவில்லை. இனித் தீப்பொறி போகும் வழியைத் தேடுவோம்."

மூன்றே கேள்வி. பாதி வேலை முடிந்துவிட்டது.

தீப்பொறி வரும் வழி

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். ஒன்று எண்ணெய். இரண்டு காற்று. மூன்று தீப்பொறி. எண்ணெயும் காற்றும் கலந்த புகையைப் பிளக்கில் வரும் தீப்பொறி கொளுத்துகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் நகர்கிறது. எஞ்சின் ஓடுகிறது.

அவுட்போர்டு எஞ்சின்களில் தீப்பொறிக்குக் கரண்டு இரண்டு விதமாக வரும்.

முதல் வகை மேக்னட்டோ. எஞ்சினின் சக்கரத்தில் காந்தம் இருக்கும். சக்கரம் சுற்றும்போது காந்தமே கரண்டை உண்டாக்கும். பேட்டரி தேவையில்லை. கயிறு இழுத்து ஓட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாம் வகை பேட்டரி இக்னிஷன். இதில் தீப்பொறிக்கு வேண்டிய கரண்டைப் பேட்டரி கொடுக்கிறது. கலியபெருமாளின் எஞ்சின் இந்த வகை.

இந்த முறை புதியது அல்ல. நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஓலே எவின்ரூட். அவர் 1909-இல் படகு எஞ்சின்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அந்த முதல் எஞ்சின்களிலும் பேட்டரிதான் தீப்பொறி கொடுத்தது.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய 12 வோல்ட் போதாது. 15,000 வோல்ட், 20,000 வோல்ட், சில சமயம் அதற்கு மேலும் வேண்டும். அதைச் செய்வது காயில். காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒன்று தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றொன்று மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. தடித்த சுற்றில் ஓடும் கரண்டு சட்டென்று மாறும்போது மெல்லிய சுற்றில் பெரிய வோல்ட் எழும். அதுவே பிளக்கில் பொறியாகப் பாய்கிறது.

எந்த நொடியில் பொறி வர வேண்டும் என்று காயிலுக்குச் சொல்வது கறுப்புப் பெட்டி. பழைய எஞ்சின்களில் இந்த வேலையைப் பாயின்ட் செய்தது.

ரஹ்மான் பாய் மணலில் விரலால் ஒரு கோடு போட்டார். கோட்டின்மேல் ஆறு கிளிஞ்சல்களை வைத்தார்.

"இது பேட்டரி. இது பியூஸ். இது சாவி. இது கறுப்புப் பெட்டி. இது காயில். இது பிளக். வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் கரண்டு இந்த வரிசையில் போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? வாய்க்காலை ஒட்டியே நடந்து போய், எங்கே அடைப்பு என்று பார்ப்போம். அதையேதான் இங்கேயும் செய்ய வேண்டும்."

படிப்படியாகத் தேடுதல்

*முதல் படி: பேட்டரி.* பாய் மல்டிமீட்டரை எடுத்தார். டி.சி. வோல்ட் அளவில் வைத்தார். சிவப்பு முள்ளைப் பேட்டரியின் + முனையில் வைத்தார். கறுப்பு முள்ளை – முனையில் வைத்தார். மீட்டர் 12.6 காட்டியது.

"ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இது நல்ல பேட்டரி" என்றார்.

*இரண்டாம் படி: சுமை.* "பேட்டரி சும்மா இருக்கும்போது நல்லதாகத் தெரியும். வேலை கொடுத்தால்தான் உண்மை தெரியும்" என்றார் பாய். செல்வம் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டர் 10.8 காட்டியது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. அதற்கும் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டர் சுற்றும், தீப்பொறி வராது. சாவியை விட்டவுடன் எஞ்சின் ஒரு தடவை பிடிக்கப் பார்த்து நிற்கும். இது பலவீனமான பேட்டரியின் அடையாளம்.

"அப்போ பேட்டரியில் குறை இல்லை" என்றார் கலியபெருமாள்.

"இல்லை, அண்ணே. பழைய பேட்டரியிலும் குறை இருந்திருக்காது."

*மூன்றாம் படி: பியூஸ்.* செல்வம் பியூஸைக் கழற்றிக் காட்டினான். உள்ளே கம்பி அறுபடாமல் இருந்தது. "பியூஸ் நல்லாத்தான் இருக்கு, பாய். கடலிலேயே பார்த்தேன்" என்றான். அதைத் திரும்பப் போட்டான்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படிக்குப் போனார்.

*நான்காம் படி: கறுப்புப் பெட்டிக்குப் போகும் ஒயர்.* பாய் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் – முனையில் பிடித்தார். சிவப்பு முள்ளைக் கறுப்புப் பெட்டிக்குப் போகும் ஒயரில் வைத்தார். செல்வம் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது.

மீட்டர் 6 வோல்ட் காட்டியது.

எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். பேட்டரியிலிருந்து 10.8 கிளம்புகிறது. பெட்டிக்கு 6 வருகிறது. ஏறக்குறைய 5 வோல்ட் வழியில் காணாமல் போகிறது.

"பெட்டி கெடவில்லை. பெட்டிக்குச் சாப்பாடு போகவில்லை" என்றார் பாய்.

*ஐந்தாம் படி: அடைப்பைத் தேடுதல்.* பாய் மீட்டர் முள்ளை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் செல்வம் சாவியைத் திருப்பினான். சாவிக்குப் பின்னால் 6. சாவிக்கு முன்னால் 6. பியூஸுக்குப் பின்னால் 6. பியூஸுக்கு முன்னால் 10.7.

பியூஸைத் தாண்டும்போதுதான் வோல்ட் விழுகிறது.

"ஆனால் பியூஸ் நல்லா இருக்கிறதே!" என்றான் செல்வம்.

"பியூஸ் நல்லா இருக்கு. பியூஸ் உட்காரும் இடம் எப்படி இருக்கு?"

பாய் பியூஸ் கூட்டைப் பிரித்தார். உள்ளே பச்சை பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கடல் தண்ணீர் புகுந்து செம்பைத் தின்றிருந்தது. ஒயர் கூட்டில் சேரும் இடத்தில் பாய் மெல்ல இழுத்தார். ஒயர் கையோடு வந்துவிட்டது. மேலே தோல் முழுதாக இருந்தது. உள்ளே இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம்.

ஏன் அப்படி நடந்தது?

செல்வத்துக்கு ஒரு சந்தேகம். "புதுப் பேட்டரி போட்டதும் 20 நாள் ஓடியதே, பாய். அது எப்படி?"

"பேட்டரியை மாற்றும்போது பழைய ஒயரை அசைத்திருப்பீர்கள். அசைத்தபோது களிம்பு உராய்ந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அதனால் ஓடியது. பேட்டரியால் ஓடவில்லை. பிறகு எஞ்சின் அதிர்வில் மறுபடி விட்டுப்போனது."

கெட்ட இணைப்பு அப்படித்தான். ஒரு நாள் ஓடும். மறுநாள் நிற்கும். கரையில் ஓடும். அலையில் நிற்கும். அதனால் எந்தச் சாமானை மாற்றினாலும் 'அதனால்தான் சரியானது' என்று தோன்றும்.

"ஸ்டார்ட்டர் மட்டும் எப்படிச் சுற்றியது?" என்று கேட்டார் அஞ்சலை.

"நல்ல கேள்வி, அக்கா. ஸ்டார்ட்டருக்குத் தடித்த ஒயர் தனியாகப் போகிறது. தீப்பொறிக்கு மெல்லிய ஒயர் பியூஸ் வழியாகத் தனியாகப் போகிறது. பேட்டரி ஒன்று. பாதை இரண்டு. ஒரு பாதை நன்றாக இருந்தது. மற்றொன்றில் அடைப்பு."

பாய் இன்னொன்றும் காட்டினார். மோட்டார் சைக்கிள் சைகை விளக்கின் 12 வோல்ட் பல்பு ஒன்று. அதில் இரண்டு ஒயர் பற்றவைத்திருந்தார். "மீட்டர் இல்லாதவர்களுக்கு இது போதும். ஒரு ஒயரை – முனையில் வை. மற்றொன்றைப் பியூஸுக்கு முன்னால் வை. பிறகு பின்னால் வை. முன்னால் பளிச்சென்றும் பின்னால் மங்கலாகவும் எரிந்தால் குறை அந்த இடத்தில்தான். ஆனால் இதைப் பேட்டரியிலிருந்து வரும் ஒயர்களில் மட்டும் வைத்துப் பார். கறுப்புப் பெட்டியிலிருந்து வெளியே போகும் ஒயர்களில் வைக்காதே. பெட்டி கெட்டுவிடும்."

பழுது தீர்த்தல்

பாய் முதலில் பேட்டரியின் – ஒயரைக் கழற்றினார். கெட்ட ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டினார். தண்ணீர் புகாத புதுக் கூடு போட்டார். இணைப்பை நன்றாக நெரித்தார். மேலே சுருங்கும் ரப்பர் குழாய் போட்டுச் சூடு காட்டினார். பழைய அளவு பியூஸையே போட்டார்.

பிறகு பேட்டரி முனைகளைப் பார்த்தார். அங்கே காது நட்டு போட்டிருந்தது. கையால் தொட்டதும் சுழன்றது.

"கையால் முடுக்கும் காது நட்டு படகு அதிர்வில் தளர்ந்துவிடும். ஸ்பேனர் போட்டு முடுக்கும் நட்டு போடுங்கள்" என்றார். முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். நட்டை மாற்றி இறுக்கினார். மேலே வாசலின் தடவினார்.

எஞ்சினைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கினார்கள். அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது. எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பு எரிந்துவிடும்.

செல்வம் சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட் இருந்தது.

"எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை இருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்" என்றார் பாய்.

செலவு எவ்வளவு? பியூஸ் கூடு, ஒயர், நட்டு, பாயின் கூலி. எல்லாம் சேர்த்துக் கறுப்புப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை. அஞ்சலை அதை நோட்டில் எழுதினார். பக்கத்தில் 'பியூஸ் கூடு மாற்றியது' என்றும் தேதியோடு எழுதினார்.

கடலில் எஞ்சின் நின்றால் பார்க்க வேண்டிய வரிசை

பாய் சொல்லச் சொல்லச் செல்வம் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டான். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகில் கட்டினான். அதில் இருந்தவை இவை:

1. முதலில் நங்கூரம் போடு. பிறகு எஞ்சினைப் பார்.

2. கைக்கயிற்றின் கொக்கி சுவிட்சில் மாட்டியிருக்கிறதா? ஓட்டுபவர் கடலில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக வைத்த கொக்கி இது. இது கழன்றிருந்தால் எஞ்சின் பிடிக்காது.

3. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? இல்லாவிட்டால் பல எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் சுற்றாது.

4. பேட்டரியின் இரண்டு முனைகளும் இறுக்கமாக இருக்கின்றனவா? ஆட்டிப் பார்.

5. பியூஸ் அறுந்திருக்கிறதா? பியூஸ் கூட்டில் களிம்பு இருக்கிறதா? பியூஸைக் கழற்றித் துடைத்து அழுத்திப் போடு.

6. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதா? பேட்டரி பலவீனம். எஞ்சின் மேல் சக்கரத்தில் அவசரக் கயிற்றைச் சுற்றி இழு. ஸ்டார்ட்டருக்கு நிறையக் கரண்டு வேண்டும். தீப்பொறிக்குக் கொஞ்சம் போதும். அதனால் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாத பேட்டரியும் தீப்பொறி கொடுக்கலாம். ஆனால் பேட்டரி அடியோடு காலியானால் கயிறு இழுத்தும் பயன் இல்லை. பேட்டரி இக்னிஷனுக்கும் மேக்னட்டோவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

7. பிளக்கைக் கழற்றிப் பார். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. கரி பிடித்திருந்தால் துடைத்துப் போடு. எப்போதும் புதுப் பிளக் கையில் இருக்கட்டும்.

8. சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் காயில் கெட்டிருக்கலாம். கரைக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் காட்டு.

9. முடியவில்லை என்றால் பேட்டரியைத் தீர்க்காதே. செல்போனில் 1554-ஐ அழை. இது இந்தியக் கடலோரக் காவல்படையின் எண்.

செய்யக்கூடாதவை

பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி போடக்கூடாது. ஒயர் எரிந்து படகில் தீப்பிடிக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக்கூடாது. வோல்ட் திடீரென்று ஏறும். கறுப்புப் பெட்டி உண்மையிலேயே போய்விடும்.

+ ஒயரையும் – ஒயரையும் மாற்றிப் போடக்கூடாது. ஒரு நொடி தொட்டாலும் பெட்டி கெட்டுவிடும். கழற்றும்போது – முதலில். மாட்டும்போது – கடைசியில்.

தீப்பொறி பார்க்கும்போது பிளக் ஒயரைக் கையால் பிடிக்கக்கூடாது. அதில் இருப்பது பல ஆயிரம் வோல்ட். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் புகை வரும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, காற்றோட்டம் வந்த பிறகே சோதிக்க வேண்டும்.

பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. அப்போது வரும் வாயு வெடிக்கக்கூடியது.

மாதம் ஒரு முறை

பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஒயர்களைக் கழற்றிவிட்டுச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். பேட்டரியின் மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். நட்டை இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள்.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் உள்ளே தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது.

பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் வைத்துப் பட்டையால் கட்டுங்கள். அலையில் ஆடக்கூடாது. உப்புத் தண்ணீர் தெறிக்கக்கூடாது.

படகு பல நாள் சும்மா இருந்தால் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். காலியான பேட்டரியை அப்படியே விட்டால் அது திரும்ப நிறையாது.

மறுபடியும் ஒரு நாள்

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு மாலை. படகு முகத்துவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே அலை உடையும். எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து அது.

முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் எஞ்சின் 'டக்' என்று நின்றது.

கலியபெருமாளின் முகம் வெளுத்தது. "அந்தக் கறுப்புப் பெட்டியை மாற்றியிருக்கணும்!" என்று கத்தினார்.

செல்வம் நங்கூரத்தை இறக்கினான். கை நடுங்கியது. அட்டையைப் பார்த்தான். இரண்டாவது வரியைப் படித்தான். சுவிட்சைப் பார்த்தான்.

கொக்கி இல்லை. வலையை இழுத்து ஒதுக்கியபோது கைக்கயிறு வலையில் சிக்கிக் கொக்கி கழன்றுவிட்டிருந்தது.

கொக்கியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நங்கூரத்தைத் தூக்கினார்கள். அலை பார்த்து, நேராக உள்ளே நுழைந்தார்கள்.

கரையில் அஞ்சலை காத்திருந்தார். "என்ன, நடுவில் நின்றுவிட்டீர்களே? கரையிலிருந்து பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது" என்றார்.

"ஒன்றுமில்லை, அத்தை. கொக்கி கழன்றுவிட்டது" என்றான் செல்வம்.

கலியபெருமாள் சிரித்தார். "நான் பெட்டி என்று நினைத்தேன். மாப்பிள்ளை அட்டையைப் பார்த்தான்" என்றார்.

அஞ்சலை நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார். பக்கத்தில் 'கொக்கி. செலவு இல்லை' என்று எழுதினார்.

சொல் அறிவோம்

களிம்பு – செம்பில் பூக்கும் பச்சைத் துரு
பாடு – வலையில் விழும் மீன்
முகத்துவாரம் – ஆறு கடலில் சேரும் வாய்
கச்சான் – மேற்கிலிருந்து வீசும் காற்று
காது நட்டு – இரண்டு பக்கமும் இறக்கை உள்ள, கையால் முடுக்கும் நட்டு

விடை கூறுங்கள்

1. எஞ்சின் நின்றதும் கலியபெருமாள் முதலில் என்ன செய்யச் சொன்னார்? ஏன்?
2. எண்ணெய்க் கோளாறையும் கரண்டுக் கோளாறையும் எப்படிப் பிரித்து அறியலாம்?
3. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் தீப்பொறி ஏன் வரவில்லை?
4. பியூஸ் நன்றாக இருந்தும் கோளாறு எங்கே இருந்தது?
5. ஓய்வில் உள்ள பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் அதன் நிலை என்ன?

செய்து பாருங்கள்

உங்கள் படகு, மோட்டார் சைக்கிள், டிராக்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் பேட்டரி முனைகளைப் பாருங்கள். இறுக்கமாக உள்ளனவா? களிம்பு உண்டா? பார்த்ததைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். எஞ்சின் நின்றால் பார்க்க வேண்டிய வரிசையை ஓர் அட்டையில் எழுதி வண்டியிலோ படகிலோ கட்டி வையுங்கள்.